ஆயுதக் குழுக்களோடு பேசுதலும் குடிமக்கள் காப்பும்

தேனி மாவட்டமும் அதன் தென்மேற்கே குமுளி மலையடிவாரம் வரை நீளும் கம்பம் பள்ளத்தாக்கும் அண்மைக்காலத்தில் போர் எதையும் கண்ட நிலப்பகுதி அல்ல. ஆயினும் பெரியகுளத்தை அடுத்த முருகமலைப் பகுதியில் மாவோயிஸ்டுகள் ஆயுதப் பயிற்சி பெற்றதாக 2007ஆம் ஆண்டு காவல்துறை அறிவித்ததையும், மறு ஆண்டே கொடைக்கானல் மலையில் நடந்த மோதலில் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டதையும், அவ்விரு நிகழ்வுகளின்போதும் மலைக்கிராமத்து மக்கள் காட்டுக்குள் போய்வரவே அஞ்சியதையும் இம்மாவட்டத்தார் மறந்திருக்க மாட்டார்கள். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாற்று அணைச் சிக்கல் முற்றியபோது குமுளிச் சாலை அடைபட்டதும், இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போயிருந்த தமிழ்த் தொழிலாளர்கள் அச்சத்தோடு மலைப்பாதைகளில் இறங்கி ஊர் திரும்பியதும் இன்னும் பலருக்கு நினைவிருக்கும். 1983 ஜூலைக்குப் பின் கடல் கடந்து வந்த ஈழத்தமிழர்கள் தமிழ்நாட்டின் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் இரண்டு தலைமுறைகளாக வாழ்கிறார்கள். அம்முகாம்களுக்கு ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்ற பெயரே 2021இல்தான் வந்தது. ஆகவே, படைக்கலம் ஏந்தியவர்களுக்கு நடுவில் அகப்படும் வெறுங்கை மக்களைக் காப்பது எப்படி என்ற கேள்வி இப்பள்ளத்தாக்குக்கு அயலானதன்று. அக்கேள்விக்குரிய விடைகளில் ஒன்றை மட்டும், அதாவது ஆயுதக் குழுக்களோடு நேரடியாகப் பேசி மக்களைக் காக்கும் முறையை மட்டும், இவ்வுரை எடுத்துக்கொள்கிறது. அதற்கு மிக நெருங்கிய சான்று பாக் நீரிணைக்கு அப்பால் இருக்கிறது.

முதலில் சொற்களின் எல்லையை வரையறுத்துக்கொள்வது நல்லது. ஓர் அரசின் முறைப்படியான படையில் சேராமல், தமக்கென ஒரு தலைமையையும் கட்டளை முறையையும் கொண்டு, அரசோடோ பிற குழுக்களோடோ தொடர்ந்து ஆயுதமேந்திப் போரிடுவோரை ஆயுதக் குழு என்பது வழக்கு. அக்குழுவின் நோக்கம் நியாயமானதா என்பது இந்த வரையறைக்குள் வருவதில்லை. பேச்சு என்பதும் இருவகைப்படும். ஆட்சி யாருக்கு, எல்லை எங்கே, அதிகாரம் எவ்வளவு என்று கேட்பது அரசியல் பேச்சு. நாளைக் காலை பத்து மணிக்குக் காயம்பட்டோரை ஏற்றிய வண்டி இந்தச் சாலையில் போகலாமா, எத்தனை மணி நேரத்துக்குத் துப்பாக்கிகள் ஓய்ந்திருக்கும், வண்டியை யார் சோதிப்பார்கள் என்று கேட்பது மனிதாபிமானப் பேச்சு. முன்னது முறிந்த பிறகும் பின்னது தொடர இயலும். இலங்கையில் அது பல ஆண்டுகள் அவ்வாறே தொடர்ந்தது. இரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்வதால்தான் பயங்கரவாதிகளோடு என்ன பேச்சு என்ற வினா எழுகிறது. அவ்வினாவை எழுப்புவோர் தம் ஊர் மக்கள் சிறைப்பிடிக்கப்பட்ட மறுநாளே தூதரைத் தேடுவதையும் வரலாறு பலமுறை கண்டிருக்கிறது.

இப்பேச்சுக்குச் சட்ட அடிப்படை ஒன்று உண்டு. போரின் கொடுமையை வரம்புக்குள் நிறுத்தும் விதிகளின் தொகுப்பே பன்னாட்டு மனிதாபிமானச் சட்டம் எனப்படுவது. அதன் தூண்கள் 1949ஆம் ஆண்டின் நான்கு ஜெனீவா உடன்படிக்கைகள். நான்கிலும் ஒரே வாசகமாக அமைந்திருப்பதால் பொது உறுப்பு 3 என்று அழைக்கப்படும் பகுதி, ஒரு நாட்டுக்குள்ளேயே நடக்கும் போருக்கும் பொருந்துவது. போரில் பங்கேற்காதோரையும், ஆயுதத்தைக் கீழே வைத்தோரையும், காயம்பட்டோரையும் மனிதத் தன்மையோடு நடத்தும் கடமையை அது அரசுக்கு மட்டுமன்றிப் போரிடும் ஒவ்வொரு தரப்புக்கும் விதிக்கிறது. சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு போன்ற பக்கச்சார்பற்ற அமைப்பு இரு தரப்புக்கும் தன் உதவியை வழங்க முன்வரலாம் என்கிறது. அதன் இறுதி வாக்கியம், இவ்விதிகளைப் பின்பற்றுவதால் எத்தரப்பின் சட்டத் தகுதியும் மாறிவிடாது என்று ஐயத்துக்கு இடமின்றி உரைக்கிறது. பேசினால் அங்கீகாரம் கொடுத்ததாகிவிடும் என்ற அரசுகளின் அச்சத்துக்கு விடையாகவே அவ்வாக்கியம் எழுதப்பட்டது. இந்தியாவும் இலங்கையும் இந்த உடன்படிக்கைகளை ஏற்றவை. ஆனால் உள்நாட்டுப் போருக்கென்றே 1977இல் இயற்றப்பட்ட இரண்டாம் கூடுதல் நெறிமுறையை இவ்விரு நாடுகளும் இன்றுவரை ஏற்கவில்லை.

சட்டம் தாளில் கிடக்க, நடைமுறை எவ்வாறு உருவாயிற்று என்பதை யாழ்ப்பாணப் போதனா மருத்துவமனையின் வரலாறு காட்டும். 1987 அக்டோபர் 21, தீபாவளி நாளன்று, இந்திய அமைதிப்படையினர் அம்மருத்துவமனைக்குள் புகுந்து சுட்டதில் மருத்துவர்களும் தாதியரும் நோயாளருமாக அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். உள்ளிருந்து விடுதலைப் புலிகள் சுட்டதாலேயே அது நேர்ந்தது எனப் படைத்தரப்பு கூறியது. உயிர் தப்பியோர் கூறியது வேறு. எது எவ்வாறாயினும், மருத்துவமனை என்ற பெயர்ப்பலகை ஒரு குண்டையும் தடுக்காது என்பது அன்று நிறுவப்பட்டது. 1990 மார்ச்சில் அமைதிப்படை வெளியேற, ஜூனில் இலங்கைப் படைக்கும் புலிகளுக்கும் போர் மீண்டும் மூண்டது. மருத்துவமனையோ இலங்கைப் படை தங்கியிருந்த யாழ்ப்பாணக் கோட்டைக்கு மிக அருகில், நகரின் நடுவில் இருந்தது. கோட்டையைப் புலிகள் முற்றுகையிட, வானிலிருந்து குண்டுகள் விழ, நோயாளர் கட்டிலை விட்டு ஓடவேண்டியதாயிற்று.

1989இல் இலங்கைக்கு வந்து, தெற்கில் ஜனதா விமுக்திப் பெரமுனக் கிளர்ச்சியின்போது பணியைத் தொடங்கியிருந்த செஞ்சிலுவைக் குழு, 1990இன் பிற்பகுதியில் கொழும்போடும் புலிகளோடும் தனித்தனியே பேசி, மருத்துவமனையையும் அதைச் சுற்றிய ஒரு வட்டத்தையும் காப்பு வலயமாக ஏற்கச் செய்தது. வலயத்துக்குள் ஆயுதமோ ஆயுதமேந்தியவரோ இருக்கலாகாது, அதைத் தாக்கலாகாது, வானிலிருந்து தெரியும்படி செஞ்சிலுவைக் குறி இருக்கவேண்டும், குழுவின் ஆட்கள் அங்கேயே தங்கிக் கண்காணிப்பார்கள் என்ற வகையில் நிபந்தனைகள் எளியவை. எளியவையாக இருந்ததே அவற்றின் வலிமை. புலிகள் தம் காயம்பட்டோருக்கும் அம்மருத்துவமனை தேவைப்பட்டதை அறிந்திருந்தார்கள். அரசுக்கோ, மருத்துவமனை மீது குண்டுவீசிய அரசு என்ற பெயர் உலக அரங்கில் சுமையாக இருந்தது. இரு தரப்பின் தன்னலமும் நோயாளியின் நலமும் ஒரு புள்ளியில் சந்தித்தன. மனிதாபிமானப் பேச்சின் கலை இப்புள்ளியைக் கண்டுபிடிப்பதில்தான் இருக்கிறது; அறவுரை சொல்லி எந்தத் தளபதியையும் எவரும் திருத்தியதில்லை.

அடுத்த பதினைந்து ஆண்டுகளில் இவ்வழக்கம் வேர்விட்டுக் கிளைத்தது. தரைவழி அடைபட்ட குடாநாட்டுக்குச் செஞ்சிலுவைக் கொடியேந்திய கப்பல்கள் நோயாளரையும் மருந்தையும் கொண்டுசென்றன. ஐ.நா. குழந்தைகள் நிதியமான யுனிசெப், போலியோ சொட்டு மருந்துக்காக இரு தரப்பும் துப்பாக்கியை ஓய்வில் வைக்கும் ‘அமைதி நாட்களை’ 1990களின் நடுப்பகுதியிலிருந்து பெற்றுத் தந்தது. இம்முறை முதலில் தோன்றியது 1985இல், கத்தோலிக்கத் திருச்சபையின் துணையோடு எல் சால்வடோர் நாட்டில். மன்னார் மாவட்டத்து மடுத் தேவாலய வளாகத்தில் ஐ.நா. அகதிகள் ஆணையம் 1990இல் திறந்த நிவாரண மையத்தை இரு தரப்பும் எழுத்தில் எதுவும் தராமலே மதித்து வந்தன. ஆயிரக்கணக்கானோர் அங்கே அடைக்கலம் புகுந்தனர். எழுத்தில்லாத அந்த இணக்கம் 1999 நவம்பரில் எறிகணை விழுந்து அடைக்கலம் புகுந்தோரில் பலர் இறந்தபோது உடைந்தது. மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப், மடுவைப் படைநீக்க வலயமாக்கும்படி இரு தரப்பையும் விடாது வற்புறுத்தி வந்தவர்.

ஓமந்தைச் சாவடி தனியே குறிக்கத்தக்கது. 2002 பிப்ரவரி 22இல் கையெழுத்தான போர்நிறுத்த உடன்பாட்டுக்குப் பின் ஏ-9 சாலை திறந்தபோது, வவுனியாவுக்கு வடக்கே ஓமந்தையில் அரசின் சோதனைச் சாவடிக்கும் புலிகளின் சாவடிக்கும் இடைப்பட்ட, எவருக்கும் உரிமையில்லாத சாலைத் துண்டில் செஞ்சிலுவைக் குழுவின் ஊழியர்கள் நின்றார்கள். பேருந்தை விட்டு இறங்கிப் பையைத் திறந்து காட்டி, நடந்து, மறுபக்கம் மீண்டும் பையைத் திறந்து காட்டும் பயணிக்கு அவர்கள் செய்தது கண்ணுக்குத் தெரியும் உதவி ஒன்றுமில்லை. ஆனால் அவர்கள் நின்றால்தான் சாவடி திறக்கும், அவர்கள் விலகினால் சாவடி மூடும் என்பதை இரு தரப்பும் ஏற்றிருந்தன. போர் மீண்ட பிறகு அதே சாலைத் துண்டின் வழியாகத்தான் போரில் இறந்தவர்களின் உடல்களை ஒரு தரப்பிடமிருந்து பெற்று மறு தரப்பிடம் செஞ்சிலுவைக் குழு ஒப்படைத்து வந்தது. உயிரோடு இருப்போருக்கான பேச்சு, இறந்தோரை வீட்டாரிடம் சேர்க்கும் இத்தகைய சிறு நம்பிக்கைகளின் மேல்தான் எழுகிறது.

ஆயுதக் குழு ஏன் பேச்சுக்கு இணங்குகிறது என்பதைச் சற்று விரித்துரைக்க வேண்டும். தன் சொந்த மக்களிடம் நற்பெயர் வேண்டும் என்பதும், உலகம் தன்னைப் பொறுப்புள்ள தரப்பாகக் கருதவேண்டும் என்பதும், பிடிபட்ட தன் ஆட்களை எதிரி கொல்லாதிருக்க வேண்டும் என்பதும், மருந்தும் உணவும் தன் பகுதிக்குள் வரவேண்டும் என்பதும் காரணங்கள். புலிகள் அமைப்பு ஒரே தலைமையின் கீழ் இறுகிய கட்டளை முறையைக் கொண்டிருந்ததால், அதன் அரசியல் பிரிவுப் பொறுப்பாளர் சு.ப. தமிழ்ச்செல்வன் கிளிநொச்சியில் ஒன்றுக்கு இணங்கினால் அது சாவடியில் நிற்கும் கடைசிப் போராளிக்கும் சென்று சேர்ந்தது. 2004 மார்ச்சில் புலிகளின் கிழக்குத் தளபதி கருணா பிரிந்தபோது அதே கிழக்கில் யாரிடம் வாக்குப் பெறுவது என்பது குழப்பமாயிற்று. தலைமையில்லாக் கூட்டத்தோடு பேசுவது இன்னும் கடினம் என்பதற்கு 2011இல் இப்பள்ளத்தாக்கின் எல்லைச் சாலைகளே சான்று: மலையின் இருபுறமும் கூடியது அமைப்பாகத் திரண்ட படையன்று, சினமுற்ற மக்கள், யார் வாக்குக் கொடுத்தாலும் அது அடுத்த வளைவைத் தாண்டிச் செல்லும் என்ற உறுதி எவருக்கும் இருக்கவில்லை. எனவே குழு எவ்வளவு கொடியது என்பதைவிட, அதன் தலைமையின் சொல் எவ்வளவு தூரம் செல்லும் என்பதே பேச்சாளர் முதலில் அறியவேண்டியது.

பேச்சுக்கு எதிரானோர் சுட்டும் சான்றுகளையும் மறைக்கலாகாது. 1998 மே மாதம் ஐ.நா. பொதுச்செயலரின் சிறப்புப் பிரதிநிதி ஓலாரா ஒட்டுனு புலிகளின் பிடியில் இருந்த வன்னிப் பகுதிக்குச் சென்றபோது, 17 வயதுக்குட்பட்டோரைப் படையில் சேர்ப்பதில்லை, 18 வயதுக்குட்பட்டோரைக் களத்தில் இறக்குவதில்லை எனப் புலிகள் வாக்களித்தனர். அவ்வாக்கு காற்றோடு போயிற்று. 2003இல் அரசும் புலிகளும் யுனிசெப்பும் இணைந்து, போரால் பாதிக்கப்பட்ட சிறார்க்கான செயல்திட்டத்தை ஏற்று, விடுவிக்கப்படும் பிள்ளைகளுக்காகக் கிளிநொச்சியில் இடைத்தங்கல் நிலையம் ஒன்றைத் திறந்தனர். ஒருபுறம் சிலர் விடுவிக்கப்பட, மறுபுறம் ஆள்சேர்ப்பு தொடர்ந்தது. இருப்பினும், பேச்சின் விளைவாக யுனிசெப் தொடங்கிய பதிவேடு ஒன்று எஞ்சியது. பெற்றோர் வந்து பிள்ளையின் பெயரையும் வயதையும் பதிவு செய்தார்கள். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் ஏறின. வாக்கு மீறப்பட்டது என்று இன்று எவரும் சான்றோடு சொல்ல முடிவதே அப்பதிவேட்டால்தான். கருணா தரப்பின் அமைப்பும் 2008 டிசம்பரில் இவ்வகைச் செயல்திட்டத்தில் கையெழுத்திட்டது. அதன் பின் அங்கிருந்த சிறார் வெளியேறினர். ஆகவே வாக்குறுதியைப் பெறுவதோடு நில்லாமல் அது மீறப்படும்போது எழுதிவைக்க ஓர் ஆளையும் அங்கே நிறுத்தாத பேச்சு அரைப்பேச்சே.

பேச்சே இல்லாத இடத்தில் நடந்ததையும் அதே அளவுகோலால் அளக்கவேண்டும். 1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் வடமாகாணத்து முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரத்தில் அதற்குக் கொடுத்த கெடு இரண்டு மணி நேரம். மருத்துவமனைக்கு வலயம் பெற்றுத்தந்த அதே பருவத்தில், அதே நகரத்தில், அந்த மக்களுக்காகப் புலிகளிடம் போய் நின்று தடுக்கும் வலுவுள்ள குரல் எழவில்லை. வெளிநாட்டு அமைப்புகளின் குறை அதில் பாதிதான். தமிழ்ச் சமூகத்தின் படித்தோரும் பெரியோரும் காத்த மௌனம் மறுபாதி. ஆயுதக் குழு தன் மக்கள் என்று கருதுவோரின் சொல்லுக்கே முதலில் செவி சாய்க்கும். ஆகவே பேச வேண்டிய பொறுப்பு ஜெனீவாவிலிருந்து வருவோருக்கு மட்டும் உரியதென விட்டுவிட இயலாது.

பேச்சின் கதவைச் சட்டமே அடைத்த நிகழ்வும் இப்போரில் உண்டு. 2002 போர்நிறுத்தத்தைக் கண்காணித்த குழுவில் நார்வே, ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய ஐந்து நாட்டினர் பணியாற்றினர். 2006 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைப் பயங்கரவாத அமைப்பாகப் பட்டியலிட்டதும், ஒன்றியத்தைச் சேர்ந்த மூன்று நாட்டினர் வெளியேற வேண்டும் எனப் புலிகள் கெடு விதித்தனர். போர் சூடேறிக்கொண்டிருந்த அதே கோடையில் கண்காணிப்பாளரில் பெரும்பகுதியினர் நாட்டை விட்டுப் போயினர். புலிகளின் கெடு அறிவற்றது என்பதில் ஐயமில்லை; பட்டியலிட்டோரும் தம் கையெழுத்தின் மறுவிளைவை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010 ஜூன் மாதம், துருக்கியின் குர்து அமைப்பும் விடுதலைப் புலிகளும் தொடர்பான வழக்கில், பட்டியலிடப்பட்ட அமைப்புக்கு மனிதாபிமானச் சட்டத்தையும் அமைதி வழிகளையும் கற்பிப்பதும் குற்றமாகும் என்று ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. மக்களைக் கொல்லாதே என்று கற்பிப்பவரும் கொலைக்கு உடந்தையாகும் விந்தை அத்தீர்ப்பில் இருக்கிறது.

இனி 2009. இவ்வுரையின் கருத்து முழுவதும் அவ்வாண்டின் முதல் ஐந்து மாதங்களில் அடங்கியிருக்கிறது. அதற்கு முன்பே, 2008 செப்டம்பரில், வன்னியை விட்டு வெளியேறும்படி அரசு சொன்னதை ஏற்று ஐ.நா. அமைப்புகள் கிளிநொச்சியிலிருந்து வண்டிகளைக் கிளப்பின. போகவேண்டாம் என மக்கள் வாயிலில் திரண்டு மன்றாடியும் பயனில்லை. ஐ.நா. தானே அமைத்த ஆய்வுக் குழு, சார்ல்ஸ் பெட்ரியின் தலைமையில் ஆராய்ந்து, 2012இல் இதை அமைப்பு முழுவதன் தோல்வி என்றே எழுதியது. செஞ்சிலுவைக் குழு மட்டும் உள்ளே நின்றது. 2009 ஜனவரி மூன்றாம் வாரத்தில் இலங்கை அரசு ஒரு நிலப்பரப்பைப் போர் தவிர்ப்பு வலயம் என அறிவித்து மக்களை அங்கே போகச் சொன்னது. பிப்ரவரியில் அதைக் கைவிட்டு, புதுமாத்தளன் முதல் முள்ளிவாய்க்கால் நோக்கி நீளும் ஒடுங்கிய கடற்கரைத் துண்டை அறிவித்தது. மே மாதம் அதையும் சுருக்கியது. மூன்று முறையும் அது ஒரு தரப்பின் அறிவிப்பு மட்டுமே. புலிகள் அதை ஏற்கவில்லை. தம் பீரங்கிகளை மக்களின் நடுவிலிருந்தும் அருகிலிருந்தும் இயக்கினர். வெளியேற முயன்றோரைச் சுட்டும் தடுத்தனர். அரசுப் படையோ மக்களைக் கூடச்சொன்ன அதே வலயத்துக்குள் எறிகணை வீசியது. இவையனைத்தையும் ஐ.நா. பொதுச்செயலரின் வல்லுநர் குழு 2011இல் பதிவு செய்ததோடு, இறந்த குடிமக்கள் 40,000 வரை இருக்கக்கூடும் என்றும் கூறியது.

1990இன் மருத்துவமனை வலயமும் 2009இன் போர் தவிர்ப்பு வலயமும் பெயரில் ஒத்தவை. தன்மையில் நேர் எதிரானவை. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்தில் மடைமுறையை மேல்மடைக்காரர் மட்டும் தாமே முடிவு செய்து தண்டோரா போட்டால் கடைமடை வயல் காய்வதை எந்த விவசாயியும் எடுத்துரைப்பார். ஆயுதம் இரு கைகளில் இருக்கும் இடத்தில் ஒரு கையின் அறிவிப்பு அதைவிடப் பயனற்றது. தமிழர் பெருமையாகச் சுட்டிவரும் புறநானூற்று ஒன்பதாம் பாடலையும் இந்த வெளிச்சத்தில் மீண்டும் படிக்கலாம். அம்பு பாயுமுன் நோயுற்றோரும் பெண்டிரும் காவலான இடம் தேடிப் போகட்டும் என அறிவிக்கும் அறநெறியை நெட்டிமையார் பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதிக்குப் புகழாகச் சொல்கிறார். உயர்ந்த அறம்தான்; ஆனால் அதுவும் ஒரு தரப்பு அறிவிப்பே. போகும் வழி திறந்திருக்கிறதா, எதிரி அவர்களைப் போகவிடுகிறானா என்ற கேள்விகளுக்கு அப்பாடலில் இடமில்லை.

அதே மாதங்களில், அதே கடற்கரையில், பேச்சு செய்துகாட்டியதும் உண்டு. புதுக்குடியிருப்பு மருத்துவமனை பிப்ரவரித் தொடக்கத்தில் அடுத்தடுத்துத் தாக்கப்பட்டுக் கைவிடப்பட்ட பின், நோயாளர் புதுமாத்தளனில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் கிடத்தப்பட்டனர். பிப்ரவரி 10 முதல் செஞ்சிலுவைக் குழு வாடகைக்கு அமர்த்திய பயணிகள் கப்பல் கரைக்கு வெளியே நங்கூரமிட்டது. துறைமுகமோ பாலமோ இல்லாத மணற்கரை. ஆகவே காயம்பட்டோரைத் தூக்கி வந்து மீன்பிடிப் படகுகளில் ஏற்றி, அலையைக் கடந்து, கப்பலின் பக்கவாட்டில் ஒருவர்பின் ஒருவராக மேலேற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொரு பயணத்துக்கும் முன் கடற்படையிடமும் புலிகளிடமும் தனித்தனியே நாள், நேரம், வழி ஆகியவற்றுக்கு இசைவு பெறவேண்டும். ஒரு தரப்பு மறுத்தாலும் கப்பல் திரும்பும். இவ்வாறு மே 9 வரை ஏறத்தாழ 14,000 பேர், அதாவது காயம்பட்டோர், நோயாளர், உடன்வந்தோர், முதலில் திருகோணமலைக்கும் பின்னர் இந்திய மருத்துவர் குழு பணியாற்றிய புல்மோட்டைக்கும் கொண்டுசெல்லப்பட்டனர். அம்மாதங்களில் செஞ்சிலுவைக் குழுவின் உள்ளூர் ஊழியர் மூவர் உயிரிழந்தனர். மூன்று லட்சம் பேருக்கு நடுவில் 14,000 சிறிய எண் என்று சொல்லலாம். ஆனால் துப்பாக்கியைத் தவிர வேறெதுவும் பேசாத நாட்களில், இரு தரப்பின் சம்மதத்தோடு உயிருடன் வெளியேறியவர்களின் எண்ணிக்கை அதுதான். அறிவிப்பால் அமைந்த வலயம் அவ்வாறு ஒருவரையும் வெளியேற்றவில்லை.

இந்திய மண்ணிலும் இவ்வழக்கத்துக்குத் தடங்கள் உண்டு. 1964இல் ஜெயப்பிரகாஷ் நாராயண், அசாம் முதல்வர் சாலிஹா, பாதிரியார் மைக்கேல் ஸ்காட் ஆகியோரின் அமைதிக் குழு நாகா ஆயுதக் குழுவோடு போர்நிறுத்தம் கண்டது. ஆயுதக் குழுக்களிடம் மனிதாபிமான விதிகளை ஏற்கும் உறுதிப்பத்திரம் பெறுவதற்கென்றே 2000இல் தோன்றிய ‘ஜெனீவா கால்’ என்ற அமைப்பிடம், நாகா குழுக்களில் பெரியதான ஐசக்–முய்வா பிரிவு 2003இல் கண்ணிவெடியைக் கைவிடும் பத்திரத்தில் கையெழுத்திட்டது. சத்தீஸ்கரின் சுக்மா மாவட்ட ஆட்சியராக இருந்த தமிழர் அலெக்ஸ் பால் மேனன் 2012 ஏப்ரல் 21இல் மாவோயிஸ்டுகளால் கடத்தப்பட்டபோது, பி.டி. சர்மாவும் பேராசிரியர் ஹரகோபாலும் நடுவராக நின்ற பேச்சின் பயனாக மே 3இல் மீண்டார். வீரப்பனிடமிருந்து நடிகர் ராஜ்குமார் 108 நாட்களுக்குப் பின் மீண்டதும் தூதர்களின் வழியாகவே. இவற்றில் கடைசி இரண்டும் பெயர்பெற்ற ஒருவருக்காக அரசே அவசரமாகத் திறந்த கதவுகள். ஆட்சியர் திரும்பியதும் கதவு சாத்தப்பட்டது, பஸ்தரின் ஆதிவாசி ஊர்கள் முன்பிருந்த இடத்திலேயே இருந்தன. மக்களைக் காக்கும் பேச்சு அவ்வாறு கடத்தலுக்குப் பின் தொடங்குவதன்று. ஓமந்தைபோல், அன்றாடம் திறந்து மூடும் வழக்கமாக முன்கூட்டியே அமையவேண்டியது.

அவ்வழக்கத்துக்கு இந்தியச் சட்டம் இன்று இடம் தருவதில்லை. 1960ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டம் ஏட்டில் இருந்தும், பொது உறுப்பு 3 கூறும் கடமைகளை உள்நாட்டு மோதலில் நடைமுறைப்படுத்தும் வழி எதையும் அது வகுக்கவில்லை. சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டமோ, தடைசெய்யப்பட்ட அமைப்போடு மருத்துவருக்கோ பாதிரியாருக்கோ ஆசிரியருக்கோ ஏற்படும் மனிதாபிமானத் தொடர்புக்கென ஒரு விலக்கும் தருவதில்லை. காயம்பட்டோருக்கு வழி கேட்கச் சென்றவர் ஆதரவாளர் என்று வழக்கில் சேர்க்கப்பட்டால், தம் நோக்கத்தை மெய்ப்பிக்கவேண்டிய சுமை, பல ஆண்டுச் சிறைக்குப் பின், அவர் தலையிலேயே விழும். 2022 டிசம்பர் 9இல் ஐ.நா. பாதுகாப்பு அவை, தடைப்பட்டியல்களால் நிவாரணப் பணி முடங்காதிருக்க விலக்கு அளிக்கும் 2664ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியபோது பதினான்கு நாடுகள் ஆதரித்தன. வாக்களிக்காமல் ஒதுங்கிய ஒரே நாடு, அம்மாதம் அவைக்குத் தலைமை தாங்கிய இந்தியா. இத்தகைய விலக்குகளைப் பயங்கரவாதக் குழுக்கள் தவறாகப் பயன்படுத்துகின்றன என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். அண்டை நாட்டு அனுபவத்தை வைத்துப் பார்த்தால் அக்காரணம் பொய்யன்று. ஆனால் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் வழி, முன்பதிவும் கண்காணிப்பும் உள்ள விலக்கைச் சட்டத்தில் எழுதுவதே. அதற்காக அண்டை நாட்டில் 14,000 பேரைக் கரையேற்றிய ஒரு வழிமுறையையே குற்றத்தின் நிழலில் நிறுத்துவது முறையன்று.

ஆகவே, சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் பக்கச்சார்பற்ற மனிதாபிமானப் பணிக்கு விலக்களிக்கும் ஒரு பிரிவைச் சேர்ப்பதும், 1977ஆம் ஆண்டின் இரண்டாம் நெறிமுறையை ஏற்பதும் இந்திய நாடாளுமன்றம் செய்யக்கூடிய பணிகள். முருகமலையையும் குமுளிச் சாலையையும் அறிந்த தேனி மாவட்டத்து வழக்கறிஞர் சங்கங்களும் கல்லூரி ஆசிரியர்களும் இக்கோரிக்கையை எழுத்தில் வடித்து, இத்தொகுதியிலிருந்து மக்களவைக்குச் செல்பவரின் கையில் சேர்க்கவேண்டும்.